ஆபிரகாம் பண்டிதர்: முழுமையாக எழுதப்பட வேண்டிய ஓர் இசை வாழ்வு

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் பிறந்தது ஓகஸ்ட் மாதத்தில். மறைந்ததும் ஓகஸ்ட் மாதத்திலேயே. ஆதலால் அம்மாதம் நெருங்குகையில் அவரைப் பற்றிய கட்டுரைகள் ஓரிரண்டு எமது மேசைக்கு வந்து சேர்வது வழக்கமாகிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரே வாரத்தில் இரண்டு கட்டுரைகள் கிடைத்தன. ஒன்று, இயேசுவின் திருவடிகளுக்குக் கீர்த்தனைகளைச் சூட்டிய பக்திமான் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லிற்று. மற்றையது, வடமொழி நூல்களின் பிடியிலிருந்து தமிழிசையை மீட்டெடுத்த வீரர் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லிற்று. முதலாவதில் சிலப்பதிகாரம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. இரண்டாவதில் கிறிஸ்தவர் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. பெயரை மறைத்துவிட்டு இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கும் ஒருவர், இவை ஒரே மனிதரைப் பற்றியவை என்று கருதவே மாட்டார்.

இவ்விடயத்தில் எம்மீதும் குற்றம் உண்டு. அதற்கு முந்திய ஓராண்டில் இப்பக்கத்துக்கு வந்த மற்றுமொரு கட்டுரையில், பண்டிதர் சுருளிமலைக்குச் சென்று ஒரு முனிவரைச் சந்தித்த வரலாறு ஒரு பந்தியில் கூறப்பட்டிருந்தது. இடம் போதாமையால் அப்பந்தியை நாம் வெட்டிவிட்டோம். கட்டுரையாளர் மறுநாட் காலையிலேயே தொலைபேசியில் அழைத்து மிகுந்த மனவருத்தத்துடன் பேசினார். ஒரு பந்திக்காக இவ்வளவு கோபமா என அன்று எண்ணினோம். பின்னர் பண்டிதரின் வாழ்க்கையைச் சற்று நிதானமாக வாசிக்க நேர்ந்தபோது, நாம் வெட்டியது அவரது வாழ்வின் திறவுகோல் என்பது புரிந்தது. எனவே இன்று அவரைப் பற்றி நாமே எழுத முற்படுகின்றோம். ஒரு கிறிஸ்தவ இசையறிஞரின் வாழ்க்கையை எப்பக்கமும் சாயாமல் எழுதுவதில் உள்ள இடர்ப்பாடுகள் யாவும் இவரிடத்தில் ஒருங்கே கூடியிருக்கின்றன.

1859 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2 ஆம் திகதி, தென்காசிக்கு அண்மையிலுள்ள சாம்பவர் வடகரை என்னும் சிற்றூரில் முத்துசாமி நாடாருக்கும் அன்னம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் ஆபிரகாம். பிறந்த ஆண்டும் இடமும் கவனிக்கத்தக்கவை. தென்காசிக்கு மேற்கே மலையைத் தாண்டினால் திருவிதாங்கூர். அங்கே நாடார் குலப் பெண்கள் தமது மார்பை மறைத்து ஆடை அணியலாமா என்பது பற்றிப் பல தசாப்தங்களாகக் கலகங்கள் நிகழ்ந்து, அதற்கு அனுமதியளிக்கும் அரச பிரகடனம் வெளியானது அதே 1859 ஆம் ஆண்டின் ஜூலை மாதத்திலாகும். அதாவது, இக்குழந்தை பிறப்பதற்குச் சில நாட்கள் முன்னர்தான். மிஷன் பாடசாலைகள் அச்சமூகத்துக்கு எதைக் குறித்தன என்பதை இப்பின்னணியின்றி விளங்கிக்கொள்ள முடியாது. எழுத்தும் உத்தியோகமும் மட்டுமல்ல, நிமிர்ந்து நடக்கும் உரிமையும் அந்த வாயிலினூடாகவே வந்தது. பிற்காலத்தில் தஞ்சையின் வித்துவான்கள் கூடிய சபையில் எழுந்து நின்று, காலங்காலமாக ஏற்கப்பட்ட ஒரு கணக்கைப் பிழையென்று சொல்லும் துணிவு பண்டிதருக்கு எங்கிருந்து வந்தது எனக் கேட்போர், இதனையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆசிரியப் பயிற்சிக்காகத் திண்டுக்கல்லுக்குச் சென்றார். அங்கு அவர் கற்றவை பாடத்திட்டத்துக்குள் அடங்கவில்லை. புகைப்படக் கலையைக் கற்றார். சடையாண்டிப் பத்தர் என்பவரிடம் பிடில் வாசிக்கப் பழகினார். எதைக் கண்டாலும் அதனைக் கழற்றிப் பார்த்துத் திரும்பப் பூட்டும் இயல்பு அவருக்கு இளமையிலேயே இருந்திருக்கின்றது. மூலிகைகளிலும் சித்த வைத்தியத்திலும் நாட்டம் கொண்டு, ஏட்டுச்சுவடிகளைத் தேடி அலைந்ததும் இக்காலத்திலேயாகும்.

இத்தேடலே அவரை 1877 ஆம் ஆண்டளவில் கம்பம் பள்ளத்தாக்கை அடுத்துள்ள சுருளிமலைக்குக் கொண்டு சென்றது. அங்கே கருணானந்தர் என்னும் முனிவரைக் கண்டு, அவரைக் குருவாக வரித்து, மருந்து செய்யும் முறைகளைக் கற்றார் என்பது அவரது வரலாறு. நாம் வெட்டிய பந்தி இதுதான். இதன் பின்னர் பண்டிதர் தொட்ட அனைத்திலும் அக்குருவின் பெயர் நிலைபெற்றது. அவர் விற்ற மருந்துகள் கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள். தஞ்சைக்கு வெளியே அவர் அமைத்த மூலிகைத் தோட்டத்துக்குக் கருணானந்தபுரம் எனப் பெயர். அவரது கீர்த்தனைத் தொகுப்பின் பெயரிலும் பெருநூலின் பெயரிலும் அதே கருணை இருக்கின்றது.

தேவாலயம் செல்லும் ஒரு புரட்டஸ்தாந்து கிறிஸ்தவர் மலைவாழ் சித்தர் ஒருவரைத் தமது குருவென வாழ்நாள் முழுவதும் போற்றினார் என்பது பலருக்குச் சங்கடமான செய்தி. கிறிஸ்தவ எழுத்தாளர் சிலர் அம்முனிவரை வெறும் வைத்திய ஆசானாகச் சுருக்கிவிடுகின்றனர். மறுபுறத்தில் வேறு சிலர், இதனையே ஆதாரமாகக் காட்டிப் பண்டிதரின் கிறிஸ்தவம் வெளிப்பூச்சு மட்டுமே என எழுதத் துணிகின்றனர். இரண்டுக்கும் அவரது வாழ்வில் இடமில்லை என்பதே எமது கருத்து. அவர் இறுதிவரை கிறிஸ்தவராகவே வாழ்ந்தார். கிறிஸ்தவக் கீர்த்தனைகளையே இயற்றினார். அதேவேளை குருவின் பெயரை மறைக்க வேண்டிய தேவை தமக்கு இருப்பதாக அவர் ஒருபோதும் நினைத்ததாகத் தெரியவில்லை. முரண்பாடு அவருடையதன்று, அவரைப் பற்றி எழுதுவோருடையது.

எமது முஸ்லிம் வாசகர்களுக்கு இது புதிய கதையன்று. குணங்குடி மஸ்தான் சாகிபு சூபி ஞானியாகவும் தமிழ்ச் சித்தர் மரபினராகவும் ஒருங்கே விளங்கியவர். அவரைச் சித்தர் பாடற்றிரட்டில் சேர்த்துவிட்டு இஸ்லாத்தை அடிக்குறிப்பாக்கியவர்களும் உண்டு. அவரது பாடல்களின் சித்தர் வாடையைக் கண்டு முகஞ்சுளித்தவர்களும் உண்டு. தமிழ்ப் புலமை எல்லைக்கோடுகளை மதித்து வளர்ந்த ஒன்றல்ல.

1882 ஆம் ஆண்டு பண்டிதர் ஞானவடிவு பொன்னம்மாளைத் திருமணம் செய்தார். பொன்னம்மாளும் ஆசிரியை. மறு ஆண்டு இருவரும் தஞ்சாவூருக்கு வந்து, லேடி நேப்பியர் பெண்கள் பாடசாலையில் பணியேற்றனர். மனைவி தலைமையாசிரியை, கணவர் தமிழாசிரியர். 1883 ஆம் ஆண்டின் தமிழ்நாட்டில் இவ்வொழுங்கு எத்துணை அபூர்வமானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1890 இல் இருவரும் ஆசிரியப் பணியை விட்டு முழுநேரமாக வைத்தியத்தில் இறங்கினர். மருந்துத் தயாரிப்பில் பொன்னம்மாளின் பங்கு பெரிது என்கின்றனர். பண்டிதரின் செல்வம் வந்தது இவ்வழியிலேயே. இசையால் அவர் ஒரு காசும் சம்பாதிக்கவில்லை, இசைக்காகச் செலவழித்தார்.

கருணானந்தபுரம் வெறும் மூலிகைத் தோட்டமாக நிற்கவில்லை. புதிய பயிர்களையும் விவசாய முறைகளையும் பரீட்சித்துப் பார்க்கும் பண்ணையாக அது வளர்ந்தது. பண்டிதர் அமைத்த அச்சகத்துக்கு அக்காலச் சென்னை ஆளுநரின் பெயரைச் சூட்டி லோலி மின் அச்சகம் என அழைத்தார். 1909 ஆம் ஆண்டு அரசாங்கம் அவருக்கு ராவ் சாகிப் பட்டம் வழங்கிற்று. ஆளுநரின் பெயர் தாங்கிய அச்சகமும் அரசாங்கப் பட்டமும் அவரை அந்நியராட்சியின் விசுவாசியாகக் காட்டுகின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவர் அவ்வாறே இருந்தார். அவரைப் போன்ற பின்னணியிலிருந்து எழுந்தவர்களில் பலர் அக்காலத்தில் அவ்வாறே இருந்தனர். பிற்காலத்துத் தமிழியக்கத்தவர் அவரது உருவப்படத்தை மேடையில் வைக்கையில் இப்பட்டத்தை உரத்துச் சொல்வதில்லை.

தஞ்சாவூர் சாதாரண ஊரன்று. தியாகராஜரும் முத்துசாமி தீட்சிதரும் சியாமா சாஸ்திரிகளும் பிறந்த மண் காவிரிக்கரை. அதே தஞ்சையில்தான் சரபோஜி மன்னரின் நண்பரான வேதநாயகம் சாஸ்திரியார் 19 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கிறிஸ்தவக் கீர்த்தனைகளையும் நாடகப் பாடல்களையும் இயற்றினார். ஆகவே பண்டிதர் வந்து சேர்ந்தபோது கிறிஸ்தவமும் கர்நாடக இசையும் அங்கு ஏலவே அறிமுகமானவையே. ஐரோப்பாவிலிருந்து வந்த பிடில், அதற்குள் எவருக்கும் அந்நியமாகத் தோன்றாத அளவுக்குக் கச்சேரி மேடையில் இடம்பிடித்துவிட்டது. பண்டிதர் மேற்கத்திய இசையைப் பிச்சைமுத்து என்பவரிடம் முறையாகப் பயின்றார்.

இசை கற்பிக்க முற்பட்டபோது அவர் கண்ட இடர்ப்பாடு எளிமையானது. கீதம், சுரஜதி, வர்ணம் என மாணவர் கற்கும் பாடங்கள் யாவும் பெரும்பாலும் தெலுங்கில் இருந்தன. பிள்ளைகள் பொருள் விளங்காமற் பாடினர். எனவே பயிற்சிப் பாடங்களையும் கீர்த்தனைகளையும் தமிழில் தாமே இயற்றி, 90 இற்கும் மேற்பட்ட பாடல்களைக் கருணாமிர்த சாகரத் திரட்டு என்ற பெயரில் 1907 ஆம் ஆண்டு வெளியிட்டார். பொருளில் அவை கிறிஸ்தவப் பாடல்கள். அமைப்பில் கர்நாடக இசைப் பாடங்கள். நோக்கத்தில் தமிழிசைக்கான ஆரம்ப முயற்சி. இம்மூன்றில் எதனை நீக்கினாலும் நூல் குறைபட்டுப்போகும். தமிழில் பாடல் வேண்டும் என்ற கோரிக்கை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தீர்மானமாக எழுந்தது 1941 இல். சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது 1943 இல். பண்டிதர் ஒரு தலைமுறைக்கும் மேலாக முந்திவிட்டார்.

கற்பிக்கும்போது மற்றுமொரு கேள்வியும் எழுந்தது. அதுவே அவரது வாழ்வின் எஞ்சிய ஆண்டுகளை விழுங்கிற்று. ஒரு ஸ்தாயியில் எத்தனை சுருதிகள் உள்ளன என்பதே அக்கேள்வி. பரதரின் நாட்டிய சாஸ்திரமும் 13 ஆம் நூற்றாண்டில் சாரங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரமும் 22 என்கின்றன. ஆனால் வீணையை எடுத்துப் பார்த்தால் ஒரு ஸ்தாயிக்கு 12 மெட்டுகளே உள்ளன. இரு ஸ்தாயிக்கு 24. பாடகர்கள் பாடுவதும் அப்பன்னிரண்டு சுரஸ்தானங்களைச் சுற்றியே. 22 ஐ எவ்விதம் கூறுபோட்டாலும் 12 உடன் பொருந்தவில்லை. இருப்பதைக் கழற்றிப் பார்க்கும் மனம் படைத்த பண்டிதருக்கு இது பொறுக்கவில்லை.

அவர் திரும்பிய திசை முற்றிலும் எதிர்பாராதது. உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரைகளுடன் பதிப்பித்தது 1892 இல். புலவர்கள் அதனை இலக்கியமாகப் படித்தனர். பண்டிதரோ அரங்கேற்று காதையையும் ஆய்ச்சியர் குரவையையும், அவற்றுக்கு அரும்பதவுரைகாரரும் அடியார்க்கு நல்லாரும் எழுதிய உரைகளையும் இசைக் கணக்கு நூலாகப் படித்தார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு சுரங்களுக்கும் அங்கு அலகுகள் கூறப்பட்டுள்ளன. ஆயப்பாலை, வட்டப்பாலை எனச் சுரங்களை வட்டத்தில் நிறுத்திப் புதிய பண்களைப் பிறப்பிக்கும் முறையும் உண்டு. அந்த வட்டம் பன்னிரண்டு இராசிகளாகச் சரிபாதிப் பங்குகள் பெறுவதைக் கண்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு அலகு என்றால் மொத்தம் 24. ஆகவே தமிழரின் ஸ்தாயி 24 சமமான அலகுகளைக் கொண்டது. சாரங்கதேவர் இதனைப் பிழையாக விளங்கிக்கொண்டார் என்பது பண்டிதரின் முடிபு.

இங்கேதான் வரலாறு எழுதுபவரின் நேர்மை சோதிக்கப்படுகின்றது. உரையாசிரியர்கள் கூறும் அலகுகளைக் கூட்டிப் பார்த்தால், குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என மொத்தம் 22 தான் வருகின்றது. பண்டிதர் இதனை மறைக்கவில்லை. வட்டப்பாலையில் உண்மையில் 24 அலகுகளே உள்ளன. பாடும்போது கைக்கிளையிலும் விளரியிலும் ஒவ்வோர் அலகைக் குறைத்துப் பாடுவது பழந்தமிழர் மரபு. அந்த மரபை அறியாதவர்கள் 22 என எழுதிவைத்துவிட்டனர் என விளக்கினார். கூரிய விளக்கம். ஆயினும் மூலம் நேராகக் கூறும் எண்ணிக்கை அவருக்கு எதிராகவும், அவரது ஊகம் அவருக்குச் சார்பாகவும் நிற்கின்றன என்பதை வாசகருக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

மற்றொரு சிக்கலும் உண்டு. ஸ்தாயியைச் சமமாகப் பங்கிடுவது மேற்கத்திய பியானோவும் ஹார்மோனியமும் பின்பற்றும் முறை. இயற்கையான பஞ்சமம் ஆதார சட்ஜத்தின் ஒன்றரை மடங்கு, அதாவது 1.5. சமப் பங்கீட்டில் அது ஏறத்தாழ 1.498. இவ்வேறுபாடு காதுக்கு எட்டாது. இயற்கையான அந்தர காந்தாரம் 1.25, சமப் பங்கீட்டில் ஏறத்தாழ 1.26. தம்புராவுடன் பாடிப் பழகிய செவி இதனைக் கண்டுபிடித்துவிடும். மேற்கத்திய இசையைப் பயின்ற பண்டிதர் தம்மை அறியாமலே ஐரோப்பிய வாத்தியத்தின் கணக்கைச் சிலப்பதிகாரத்தில் கண்டாரா என்ற ஐயம் நியாயமானதே. ஆனால் அதனை வசையாகப் பயன்படுத்துவது நியாயமன்று. வீணையின் மெட்டுகளை மெழுகில் பதிப்பவரும் பன்னிரண்டாகவே பதிக்கின்றார் என்ற அவரது அடிப்படை அவதானம் எங்கும் போய்விடவில்லை. சுருதி 22 என நூலில் எழுதிக்கொண்டு 12 இல் பாடும் இரட்டை நிலையை அவரளவுக்கு வெளிப்படையாக எவரும் கேள்விக்குட்படுத்தியதில்லை.

தமது முடிபைத் தாமே சரியென்று சொல்லி அவர் அமைதியடையவில்லை. 1912 ஆம் ஆண்டு சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தஞ்சையில் நிறுவி, 1916 வரையில் ஏழு இசை மாநாடுகளை நடத்தினார். வித்துவான்களின் பயணச் செலவு, தங்குமிடம், உணவு ஆகியவற்றுக்கான பொறுப்பு பெரும்பாலும் அவருடையதே. மருந்து விற்ற பணம் மாநாட்டுப் பந்தலாக மாறிற்று. சென்னை மியூசிக் அகடமி தோன்றியது 1928 இல் என்பதைக் கருத்திற்கொண்டால், தனியொருவர் செய்த இவ்வேலையின் பரிமாணம் புரியும். தம்மோடு உடன்படாதவர்களையும் அழைத்து வந்து வாதிட வைத்தார். அவரது பெருநூலில் தென்னிந்திய இசைவாணர் பலரின் பெயர்ப்பட்டியலும் சேர்க்கப்பட்டுள்ளது. சாதி, சமயம் பாராது தொகுக்கப்பட்ட அப்பட்டியல் இன்றும் ஆராய்ச்சியாளருக்குப் பெறுமதிமிக்கது.

1916 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பரோடாவில் முதலாவது அகில இந்திய இசை மாநாடு இடம்பெற்றது. மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் ஆதரவளிக்க, பாத்கண்டே முன்னின்று ஒழுங்குசெய்தார். பரோடா இசைக்குப் புதிய ஊரன்று. மைசூர் சென்று கர்நாடக இசையையும் கற்ற முஸ்லிம் இசைவாணரான மௌலா பக்ஷ் 1886 இலேயே அங்கு இசைப் பாடசாலையை ஆரம்பித்திருந்தார். சுருதி பற்றிய வாதமே அங்கு பெரிதும் சூடுபிடித்தது. தேவல் என்பவரும் ஆங்கிலேய அதிகாரியான கிளமன்ட்ஸும் 22 சுருதியை நிலைநாட்டுவதில் ஈடுபட்டிருந்தனர். பண்டிதர் தஞ்சையிலிருந்து குடும்பத்துடன் சென்றார். அவரது குடும்பத்துப் பெண்கள் வீணையுடன் பாடி, 24 சுருதிக் கணக்கைச் செயலில் காட்டினர். கிறிஸ்தவக் குடும்பமொன்றின் பெண்கள் வடநாட்டு உஸ்தாதுகளும் பண்டிதர்களும் நிறைந்த அரச சபையில் சிலப்பதிகாரத்தின் பெயரால் இசைத்த அக்காட்சிக்கு, எம்மிடம் வந்த இரு கட்டுரைகளிலும் இடம் கிடைக்கவில்லை. சுருதி வழக்கு அம்மாநாட்டுடன் தீர்ந்துவிடவுமில்லை.

மறு ஆண்டு, 1917 இல், கருணாமிர்த சாகரம் அவரது சொந்த அச்சகத்திலேயே அச்சாகி வெளிவந்தது. பெரிய அளவில் 1,300 பக்கங்களுக்கும் மேற்பட்டது. அதனைப் புகழ்வோரில் முழுதும் வாசித்தோர் சிலரே என நாம் கூறினால் எவரும் கோபிக்க மாட்டார்கள் என நம்புகின்றோம். நூலின் தொடக்கப் பகுதி இன்றைய வாசகரை இடறச் செய்யும். கடல்கொண்ட தென்னாடு, முச்சங்கங்கள், விவிலியம் கூறும் நோவா காலத்துப் பிரளயம், ஐரோப்பியர் பேசிய லெமூரியாக் கண்டம் ஆகிய அனைத்தையும் ஒரே சரட்டில் கோத்து, இசை தமிழரிடமிருந்தே உலகுக்குச் சென்றது என நிறுவ முனைகின்றார். லெமூரியா என்பது 1864 ஆம் ஆண்டு ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், விலங்கினம் ஒன்றின் பரம்பலை விளக்குவதற்காக முன்வைத்த ஊகம். நிலத்தட்டுகள் நகர்கின்றன என்பது உறுதியானதும் அறிவியல் அதனைக் கைவிட்டுவிட்டது. பண்டிதர் எழுதிய காலத்தில் அதனை நம்பியதற்காக அவரை எள்ளி நகையாட வேண்டியதில்லை. ஆனால் இன்று அவரது நூலைக் காட்டி அதனை நிறுவ முற்படுவோரை ஏற்கவும் முடியாது.

விந்தை யாதெனில், இப்பகுதியில்தான் அவரது கிறிஸ்தவமும் தமிழ்ப்பற்றும் ஒன்றோடொன்று மிக நெருங்கி நிற்கின்றன. நோவாவின் பிரளயமும் குமரிக்கோடு கொண்ட கடலும் அவருக்கு ஒரே நீர். சுருதிக் கணக்கின் வலிமை வேறு, இவ்வரலாற்றுப் பகுதியின் பலவீனம் வேறு எனப் பிரித்துக் காட்டுவதே அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை.

நூல் வெளிவந்து ஈராண்டுகளில், 1919 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31 ஆம் திகதி, தமது அறுபதாவது வயதில் பண்டிதர் காலமானார். அடுத்த பல தசாப்தங்களுக்கு இசையுலகின் முன்வரிசையில் அவரது பெயர் அதிகம் கேட்கவில்லை. அதற்குச் சாதியே காரணம் என்பர் சிலர். சமயமே காரணம் என்பர் வேறு சிலர். கச்சேரி மேடை அக்காலத்தில் எவர் கைகளில் இருந்தது என்பதை அறிந்தவர்கள் இவற்றை முற்றாக மறுக்க மாட்டார்கள். ஆயினும் பிராமண வித்துவான்கள் பலர் அவரது மாநாடுகளுக்கு வந்து உரையாற்றினர் என்பதும் பதிவிலுள்ள உண்மை. கணக்கும் உரையும் பாட்டியல் விளக்கமும் செறிந்த அப்பெருநூலை எளிதாக்கிச் சொல்லும் சீடர் வட்டம் ஒன்று அவருக்கு அமையவில்லை என்பதையும் ஒரு காரணமாக நாம் கருதுகின்றோம். இராகங்களைப் பற்றிய இரண்டாம் நூல் அச்சேறியது அவர் மறைந்து 27 ஆண்டுகளின் பின்னர், 1946 இல்.

அதற்கு அடுத்த ஆண்டு எமது நாட்டுடன் தொடர்புபட்டது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் தமது யாழ் நூலை 1947 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தஞ்சை மாவட்டத்துத் திருக்கொள்ளம்பூதூர்க் கோவிலில் அரங்கேற்றினார். வெளியிட்டது கரந்தைத் தமிழ்ச் சங்கம். அதுவும் தஞ்சையிலேயே உள்ளது. சிலப்பதிகாரத்தை இசைக் கணக்காகப் படிக்கும் பாதையை 30 ஆண்டுகளுக்கு முன்னர் திறந்தவர் பண்டிதர். அதே பாதையில் நடந்த அடிகளார் 22 சுருதிக் கணக்கையே ஏற்றார். யாழ் வழக்கொழிந்துபோன தனிக் கருவி எனக் கொண்டு, அதன் வடிவங்களை மீள அமைத்துக் காட்டினார். அரங்கேற்றம் முடிந்து ஆறு வாரங்களில் அவர் காலமானார்.

1950 ஆம் ஆண்டு பண்டிதரின் புதல்வர் வரகுணபாண்டியன் பாணர் கைவழி என்னும் நூலை எழுதி, யாழே காலப்போக்கில் வீணையாயிற்று என வாதிட்டு விபுலாநந்தரை மறுத்தார். மறுமொழி சொல்ல அடிகளார் அப்போது உயிருடன் இல்லை. யாழ் நூலை எமது நாட்டில் அறியாதார் இல்லை. விழா எடுக்கின்றோம், முத்திரை வெளியிடுகின்றோம். பாணர் கைவழியை இங்கு கையிலெடுத்தவர்கள் எத்தனை பேர்? காரைதீவுத் துறவியின் நூலையும் தஞ்சை வைத்தியரின் மகன் எழுதிய மறுப்பையும், இரண்டுக்கும் முன்னோடியான கருணாமிர்த சாகரத்தையும் ஒன்றாக மேசையில் வைத்து வாசிக்கும் இசை மாணவர் ஒருவர் எமது பல்கலைக்கழகங்களிலிருந்து வருவாராயின், அவரது கட்டுரைக்கு இப்பக்கத்தில் இடம் உண்டு. எந்தப் பந்தியையும் வெட்ட மாட்டோம்.